பட்டாளமா, பட்டாவா? முன்னோரைத் தேட முதலில் எந்தப் பதிவைத் திறப்பது

"எங்க தாத்தாவோட தாத்தா வெள்ளைக்காரன் பட்டாளத்துல சுபேதார். அதுக்காகத்தான் இந்த நிலத்தையே கொடுத்தான்."

ஊரும் பதவியும் மட்டும் மாற, இதே கதையைப் பல குடும்பங்களில் கேட்டிருக்கிறேன். கதை முடிந்ததும் வரும் கேள்வியும் ஒன்றுதான். ராணுவப் பதிவைத் தேடுவதா, நில மானியப் பதிவைத் தேடுவதா? இரண்டையும் தேடலாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் வேலைக்குப் போகிற ஆளுக்கு ஆண்டில் பத்து நாள் லீவு மிஞ்சினாலே பெரிது. அந்தப் பத்து நாளைச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் செலவிடுவதா, சார்பதிவாளர் அலுவலகத்தில் செலவிடுவதா, வீட்டிலேயே உட்கார்ந்து இணையத்தில் தேடுவதா என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

நான் தப்பான பக்கத்தில் தொடங்கி இரண்டு ஆண்டைத் தொலைத்தவன். பழைய சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். புதுச்சேரி, திருவிதாங்கூர் பக்கம் பதிவு முறையே வேறு.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, பதிவு உறவைச் சொல்கிறதா என்பது. ஒரு பெயர் கிடைப்பதும், அந்தப் பெயர் நம் பாட்டனுக்கு என்ன முறை என்று தெரிவதும் ஒன்றல்ல. முத்துசாமி என்ற பெயரில் ஒரு பட்டாளத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, சாதாரண ஆளின் பெயர் அந்தப் பதிவில் ஏறியிருக்க வாய்ப்பு உண்டா. சுபேதார் என்ற இந்திய அதிகாரிக்குக் கிடைத்த மையும் காகிதமும் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை. மூன்றாவது, எந்தக் காலம்வரை பின்னால் போகிறது. நான்காவது, பதிவு இன்று எங்கே இருக்கிறது, நம்மைப் போன்றவர்கள் பார்க்க முடியுமா.

ஐந்தாவதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தேடுவதால் வீட்டில் என்ன நடக்கும்? என் அனுபவத்தில் ரயில் கட்டணத்தைவிட இதுதான் பெரிய செலவு.

## படைப் பணிப் பதிவுகள்

இதை ஒரே பதிவாக நினைப்பதுதான் முதல் தவறு. காலத்தை வைத்து மூன்றாகப் பிரித்தால்தான் கணக்குப் புரியும்.

1895க்கு முன்: மாகாணப் படை

கம்பெனி காலத்தில் தொடங்கிய சென்னை மாகாணத்தின் தனிப் படை, 1895இல் மூன்று மாகாணப் படைகளும் ஒன்றாக்கப்படும்வரை நீடித்தது. ஸ்ரீரங்கப்பட்டணம், ஜாவா, பர்மா, சீனம் என்று அது போகாத இடம் குறைவு. ஆட்களும் ஏராளம். ஆனால் ஆள்வாரிப் பதிவு அந்த அளவுக்கு இல்லை.

லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் சென்னைப் படையின் பெயர்ப்பட்டியல்கள் வரிசை வரிசையாக இருப்பதாகக் கேள்விப்பட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். அவை பெரும்பாலும் ஐரோப்பிய அதிகாரிகளையும் ஐரோப்பிய சிப்பாய்களையும் பற்றியவை. இந்தியச் சிப்பாயின் ஆள்வாரிப் பட்டியல் ரெஜிமென்டிலேயே இருந்தது. ரெஜிமென்ட் கலைந்தபோது அந்தத் தாள்களும் பெரும்பாலும் போயின. பணம் கட்டிப் பார்க்கும் வம்சாவளித் தளங்களில் நீங்கள் காணும் 'பிரிட்டிஷ் இந்தியா' பதிவுகளும் இதே கதைதான். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்குத் தங்கச் சுரங்கம், நம்மில் பலருக்கு வெறும் சந்தாச் செலவு.

பதவி உயர்ந்தவராக இருந்தால் நிலைமை கொஞ்சம் மாறும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சான ராணுவப் பட்டியல்களில் சுபேதார், ஜமேதார் பெயர்கள் வருகின்றன. 1837இல் தொடங்கிய ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா, இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட் போன்ற விருது பெற்றிருந்தால் அரசாணையிலும் வரும். ஹவில்தாருக்குக் கீழே இருந்தவருக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. எழும்பூர் காப்பகத்தில் ராணுவத் துறையின் நடவடிக்கைக் குறிப்புகள் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இருக்கின்றன. ஓய்வூதிய மனு, தண்டனை, வாரிசுத் தகராறு என்று ஏதாவது வம்பில் மாட்டியவர் பெயர்தான் அவற்றில் தலைகாட்டும். ஒழுங்காக வேலை பார்த்து ஒழுங்காக வீடு திரும்பியவர் காகிதத்தில் இல்லை.

எண் குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் இரண்டு ஆண்டில் பாதி இதில்தான் போனது. 1824இல் பட்டாலியன்கள் தனித்தனி ரெஜிமென்டுகளாக்கப்பட்டு மறு எண் பெற்றன. 1885இல் 'நேட்டிவ்' என்ற சொல் பெயரிலிருந்து போனது. 1903இல் தளபதி கிச்சனரின் சீர்திருத்தத்தில் சென்னை ரெஜிமென்டுகளுக்குப் பெரும்பாலும் பழைய எண்ணோடு 60 கூட்டப்பட்டது. 3ஆம் ரெஜிமென்டாக இருந்த பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி அப்படித்தான் 63 ஆனது. 1922இல் மறுபடியும் எல்லாம் மாறியது. ஆகவே 'மூணாம் நம்பர் பட்டாளம்' என்று பாட்டி சொன்னால், எந்த ஆண்டின் மூணாம் நம்பர் என்று தெரியாமல் எந்தப் பட்டியலையும் திறக்காதீர்கள்.

இன்னொரு சிக்கல், சொந்த ஊர். சென்னைப் படைச் சிப்பாய்கள் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு பட்டாளத்தோடு ஊர் ஊராகப் போனவர்கள். பிள்ளை பெங்களூரிலோ செகந்திராபாத்திலோ பிறந்து, கண்டோன்மென்டில் வளர்ந்து, பதின்வயதில் அதே படையில் 'ரெக்ரூட் பாய்' ஆகச் சேர்ந்துவிடுவான். இப்படி இரண்டு தலைமுறை போனால் பூர்வீக ஊர் என்ற ஒன்று நினைவில்கூட மிஞ்சாது. ஓய்வு பெற்றபின் வேலூரிலோ பரங்கிமலையிலோ குடியேறியிருப்பார். அதையே நாம் பூர்வீகம் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

1914 முதல் 1918 வரை

இங்கே நிலைமை தலைகீழ். அதுவும் அவர் போரில் இறந்தவரானால். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் தரவுத்தளம் இலவசம், வீட்டிலிருந்தே தேடலாம். பல இந்தியர்களின் பதிவில் தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, மாவட்டம்வரை இருக்கிறது. முன்பு கேட்ட உறவுக் கேள்விக்கு ராணுவப் பதிவு நேரடியாகப் பதில் சொல்லும் அபூர்வமான இடம் இது. பெயரை மட்டும் தட்டச்சு செய்து 'இல்லை' என்று மூடிவிடாதீர்கள். ராமசாமியை நான்கு விதமாகவும் வீராசாமியை ஐந்து விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். ஊர்ப் பெயர், தாலுகாப் பெயர், ரெஜிமென்ட் வழியாகவும் தேடுங்கள்.

எல்லார் பெயரும் இருக்கிறது என்றும் நம்பிவிட வேண்டாம். இராக்கிலுள்ள பஸ்ரா நினைவகத்தில் பிரிட்டிஷ்காரர்களின் பெயரும் இந்திய அதிகாரிகளின் பெயரும் செதுக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களை எத்தனை பேர் என்ற எண்ணிக்கையோடு நிறுத்திவிட்டார்கள். இப்படிப் பாரபட்சமாக நினைவுகூரப்பட்டவர்களும் நினைவுகூரப்படாமலே போனவர்களும் ஏராளம் என்று அந்த ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. கூலிப்படை, சுமைப்படை, கோவேறு கழுதை ஓட்டியவர்கள் ஆகியோருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

உயிரோடு திரும்பியவரானால் வீட்டிலுள்ள பதக்கம்தான் பதிவு. அதன் விளிம்பை நல்ல வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எண், பதவி, பெயர், பிரிவு என்று பொறித்திருக்கும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை தேய்த்தே பாதி எழுத்து போய்விட்டது.

1939க்குப் பின்

சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் 1920களில் கலைக்கப்பட்டன. 1933இல் பயனியர் படையும் போனது. படையின் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் மட்டும் பெங்களூரில் தொடர்ந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுந்தது இரண்டாம் உலகப் போரின்போதுதான். இதை ஒரு கருவியாகவே பயன்படுத்தலாம். 1935இல் பட்டாளத்தில் இருந்த தமிழர் என்றால் பெரும்பாலும் சாப்பர்ஸ், இல்லாவிட்டால் சப்ளை, மருத்துவம் போன்ற துணைப் பிரிவு.

இந்தக் காலத்துக்கு உயிருள்ள அலுவலகம் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டனிலும், சாப்பர்ஸுக்குப் பெங்களூரிலும் ஆவண அலுவலகங்கள் உண்டு. ஓய்வூதியம் வாங்காமல் வெளியே வந்தவரின் ஷீட் ரோல் என்ற பணி விவரத் தாள் 25 ஆண்டுக்குப்பின் அழிக்கப்படுவது விதி. போர் முடிந்ததும் 1946இல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெரும்பாலானவர்கள் இந்த ரகம். அப்போதும் லாங் ரோல் என்ற பெரிய பதிவேட்டில் ஒரு வரி மிஞ்சியிருக்கும். படை எண் தெரிந்தால் அந்த வரி கிடைக்கும், தெரியாவிட்டால் கஷ்டம். மலேயாவிலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவரானால் பாதையே வேறு. அந்தக் கோப்புகள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

## இனாம் பதிவேடு

நான் முதலில் இதைத் திறந்திருக்க வேண்டும்.

கம்பெனி ஆட்சி முடிந்த கையோடு, 1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைக்கப்பட்டது. நவாப் கொடுத்தது, நாயக்கர் கொடுத்தது, பாளையக்காரர் கொடுத்தது, கம்பெனியே கொடுத்தது என்று வரி இல்லாமலோ குறைந்த வரியிலோ ஒருவர் அனுபவித்துவந்த ஒவ்வொரு துண்டு நிலத்தையும், அதாவது இனாம் நிலத்தையும், ஊர் ஊராக விசாரித்து எழுதினார்கள். அந்த இனாம் ரிஜிஸ்டரில் ஒரு நிலத்துக்கு இருபதுக்கு மேற்பட்ட கட்டங்கள். நிலம் எங்கே, நஞ்சையா புஞ்சையா, எவ்வளவு, எதற்காகக் கொடுக்கப்பட்டது, யார் கொடுத்தது, எந்த ஆண்டில், சன்னது என்ற மானியப் பத்திரம் இருக்கிறதா என்று கட்டங்கள் போகின்றன. பிறகுதான் நமக்கு வேண்டியவை வருகின்றன. முதலில் மானியம் பெற்றவர் பெயர், கணக்கில் உள்ளவர் பெயர், இப்போது அனுபவிப்பவர் பெயரும் வயதும், அவர் முதல் மானியதாரருக்கு என்ன உறவு என்பது, உயிரோடிருக்கும் வாரிசுகள்.

1860களில் 60 வயதான ஒருவர் தன் பாட்டனாரின் பெயரைச் சொல்லி எழுதவைத்திருந்தால், ஒரே வரியில் 18ஆம் நூற்றாண்டுக்குப் போய்விடுகிறீர்கள். அந்தக் காலத்துச் சாதாரணக் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறையை இப்படி ஒரே இடத்தில் எழுதிவைத்த அரசுப் பதிவு வேறு எதையும் நான் கண்டதில்லை.

படைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? சுரோத்திரியம் என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். வேதம் படித்தவர்களுக்குக் குறைந்த தீர்வையில் கொடுத்த நிலம் என்பதுதான் அதன் மூலப் பொருள். பிற்காலத்தில் சாதி, மதப் பேதமின்றி, அரசுப் பணியிலும் படையிலும் இருந்தவர்களுக்குச் சேவைக்குப் பரிசாகக் கொடுத்த நிலத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆகவே குடும்பத்தில் 'சுரோத்திரியம்' என்ற சொல் புழங்கினால், சுபேதார் கதையில் உண்மை இருக்கலாம். 'அமரம்', 'கட்டுப்படி' என்ற சொற்கள் புழங்கினால் கதை வேறு. அவை பெரும்பாலும் பாளையக்காரர்களுக்கு ஆயுதம் தாங்கியவர்கள் அனுபவித்த நிலங்கள். 1801இல் பாளையங்களின் ஆயுதம் பறிக்கப்பட்டபின் அந்தச் சேவை போனது, நிலம் மட்டும் கையில் நின்றது.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். சுபேதாருக்கு வெள்ளைக்காரன் கொடுத்த நிலம் என்று வளர்ந்தவன் நான். பதிவேட்டில் இருந்ததோ அமர மானியம். கொடுத்தவர் பாளையக்காரர், வெள்ளைக்காரன் அல்ல. 'தற்போது அனுபவிப்பவர்' என்ற கட்டத்தில் 40 வயது விதவை ஒருத்தியின் பெயர். முதல் மானியதாரரின் பேரன் மனைவி. எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் உச்சரிக்காத பெயர். பதக்கத்துச் சிப்பாய் அவளுக்கு இரண்டு தலைமுறை பின்னால் வந்த வேறொரு ஆள். வீட்டுக்கதை இரண்டு பேரையும் உருக்கி ஒரு சுபேதார் வார்த்துவிட்டது.

இந்தப் பதிவேட்டையும் வேதவாக்காகக் கொள்ள முடியாது. 50 ஆண்டு இடையூறில்லாமல் அனுபவித்ததைக் காட்டினாலே உரிமை ஏற்கப்படும் என்ற நிலையில், கமிஷன் முன்னால் நின்றவர்களுக்கு வம்சாவளியை நீட்டிச் சொல்ல நல்ல காரணம் இருந்தது. பங்காளியை விட்டுவிட்டும், சுவீகாரப் பிள்ளையைச் சொந்தப் பிள்ளையாக்கியும் சொல்லியிருப்பார்கள். முதல் மானியதாரர் பெயர்க் கட்டத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடும், அனுபவிப்பவர், வாரிசு கட்டங்களை நம்பிக்கையோடும் படிப்பது என் வழக்கம்.

அலைச்சலும் உண்டு. எழும்பூரில் ஆய்வாளராக அனுமதி வாங்கி உட்காரலாம், அல்லது சான்றிட்ட நகலுக்கு மனுப் போடலாம். பழைய தாலுகாப் பெயரும் ஊர்ப் பெயரும் சரியாகத் தெரிய வேண்டும். மாவட்டங்கள் எத்தனையோ முறை உடைந்துவிட்டன. வீட்டுப் பழைய பத்திரத்தில் 'டி.டி. நெம்பர்' என்று ஒன்று இருந்தால் அது கமிஷன் கொடுத்த டைட்டில் டீடின் எண். அதோடு போனால் பாதி வேலை முடிந்தது. ஆண்டெல்லாம் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டில் இருக்கும், 590 கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1270 என்றால் 1860-61.

குடும்பத்துக்கு இனாம் நிலமே இருந்திருக்காவிட்டால் இந்தப் பதிவேட்டில் நீங்கள் இல்லை. பெரும்பாலான குடும்பங்களுக்கு இருந்ததில்லை.

## செட்டில்மென்ட், ஒப்படை, பத்திரம்

அரசு உழவரிடம் நேரடியாகத் தீர்வை வாங்கிய ரயத்துவாரி ஊர்களில், தீர்வை நிர்ணயித்து எழுதிய செட்டில்மென்ட் பதிவேடு உண்டு. சர்வே எண், பரப்பு, மண் தரம், தீர்வை, பட்டாதாரர் பெயர். அவ்வளவுதான். யார் மகன் என்பது சில நேரம் இருக்கும், பல நேரம் இருக்காது. உறவைச் சொல்வதில் இது ஊமை.

ஆனால் இது ஒரு கயிறு. இன்றைய பட்டாவில் உள்ள எண்ணிலிருந்து 1979 முதல் 1987வரை நடந்த யு.டி.ஆர் என்ற நிலப் பதிவேடு புதுப்பிக்கும் திட்டத்துக்கு முந்தைய எண், அதிலிருந்து மறு சர்வே எண், பழைய சர்வே எண், அதற்கும் முந்தைய பைமாஷ் என்ற பழைய நில அளவை எண் என்று பிடித்துப் பிடித்துப் பின்னால் போகலாம். ஒவ்வொரு முடிச்சிலும் பட்டாதாரர் பெயர் மாறும் இடம்தான் ஒரு தலைமுறை மாறிய இடம். அல்லது நிலம் கைமாறிய இடம்.

எது என்று சொல்வது பத்திரம். 1864 பதிவுச் சட்டத்துக்குப்பின் சார்பதிவாளர் அலுவலகங்கள் வந்தன. அங்குள்ள முதல் அட்டவணை பெயர்வாரி, இரண்டாவது ஊர்வாரி. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் வில்லங்கச் சான்று 1975 வாக்கில் நின்றுவிடும். அதற்கு முன் வேண்டுமென்றால் மனுக் கொடுத்துக் கையால் தேடவைக்க வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்துவிட்டால் கொண்டாடுங்கள். அண்ணன் தம்பி, அவர்கள் மைனர் பிள்ளைகள், கார்டியனாக நிற்கும் விதவை என்று குடும்பமே வரிசையில் நிற்கும். எழுதிக்கொடுத்தவரின் தொழில் 'பட்டாளத்து பென்ஷன்' என்றிருந்தால் ராணுவத் தேடலுக்கும் வாசல் திறக்கும்.

அரசு கொடுத்த நிலம் என்ற கதைக்கு இங்கே மூன்று சொல் கேட்டுக்கொள்ளுங்கள். 'தர்காஸ்து' என்றால் மனுப் போட்டுத் தரிசு வாங்கியது. அதில் படையிலிருந்து வந்தவர்களுக்குத் தனிச் சலுகை இருந்த காலமும் உண்டு. 'கண்டிஷன் பட்டா' என்றால் விற்கக் கூடாது, இத்தனை ஆண்டுக்குள் உழ வேண்டும் என்பதுபோன்ற நிபந்தனையோடு வந்த ஒப்படை. 'டி.சி. நிலம்', அதாவது பஞ்சமி நிலம் என்றால் அது பட்டாளத்தால் வந்ததே அல்ல. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென்று ஒதுக்கப்பட்டது. மெட்ராஸ் சாப்பர்ஸில் பறையர் சமூகத்தவர் பெருமளவில் இருந்தார்கள் என்பதால், படை நினைவும் டி.சி. நில நினைவும் ஒரே வீட்டில் சேர்ந்தே இருக்கும். ஒன்றை மற்றதன் காரணமாக்கிவிடுவது எளிது. தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | படைப் பதிவு | இனாம் பதிவேடு | செட்டில்மென்ட், பத்திரம் |
|---|---|---|---|
| உறவைச் சொல்கிறதா | போரில் இறந்தவருக்குப் பல நேரம் தகப்பன் பெயர். மற்றவர்களுக்கு அபூர்வம் | ஆம், சில நேரம் மூன்று தலைமுறை | பதிவேடு சொல்லாது. பாகப்பிரிவினைப் பத்திரம் சொல்லும் |
| சாதாரண ஆளின் பெயர் | 1895க்கு முன் மிகக் குறைவு. 1914க்குப் பின் பரவாயில்லை | இனாம் இருந்தால் மட்டும் | பட்டா இருந்தால் உண்டு. கூலிக்கு உழுதவருக்கு இல்லை |
| எட்டும் காலம் | அதிகாரிக்கு 19ஆம் நூற்றாண்டு; சிப்பாய்க்கு 1914 | 18ஆம் நூற்றாண்டுவரை கைநீட்டும் | பத்திரம் 1860கள் முதல் |
| எங்கே | இணையம், வெலிங்டன், பெங்களூர், எழும்பூர், லண்டன் | எழும்பூர் | தாலுகா, சார்பதிவாளர் அலுவலகம், சேப்பாக்கம் சர்வே இயக்ககம் |
| தெரிந்திருக்க வேண்டியது | படை எண், பிரிவு, ஆண்டு | பழைய ஊர், தாலுகா, டி.டி. எண் | சர்வே எண்களின் தொடர் |
| மறைவான செலவு | சந்தா, வீண் ஆண்டுகள் | எழுத்து படிக்க ஆள், காத்திருப்பு | பங்காளி மனத்தாங்கல் |

## மறைவான செலவு என்று எழுதியதைப் பற்றி

கடைசிக் கட்டத்தை விளையாட்டாகப் போடவில்லை. நீங்கள் தாலுகா அலுவலகத்தில் பூர்வீக நிலத்தின் பழைய பதிவுக்கு மனுக் கொடுத்த செய்தி, நீங்கள் வீடு திரும்புமுன் ஊருக்குப் போய்விடும். அன்று சாயங்காலம் என் சித்தப்பா போன் செய்தார். நலம் விசாரித்து, மழை விசாரித்து, கடைசியில்தான் கேட்டார். "என்ன தம்பி, பாகப்பிரிவினைக் கேஸ் ஏதும் போடப் போறியா?" வம்சாவளி தேடுகிறேன் என்றால் யாரும் நம்புவதில்லை. இன்று நிலம் ஏறிய விலைக்கு நம்பாமலிருப்பதில் நியாயமும் இருக்கிறது. மனுப் போடும்முன் பங்காளிகளில் மூத்தவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். பழைய எண்களெல்லாம் பல நேரம் அவர் வாயில்தான் இருக்கும்.

கிடைக்கும் பதிவு ஏமாற்றவும் கூடும். சுபேதார் என்று கும்பிட்டுவந்தவர் காயம்பட்டவரைச் சுமக்கும் டூலி தூக்கியவராகவோ, கூடாரம், சாமான் பார்க்கும் லஸ்கராகவோ இருப்பார். பதிவில் எழுதிய சாதிப் பெயர் இன்று வீட்டில் சொல்லும் பெயரோடு ஒத்துப்போகாது. வயதானவர்களிடம் எதை எப்போது காட்டுவது என்று யோசித்துக் காட்டுங்கள். நான் யோசிக்காமல் காட்டிவிட்டு, பெரியம்மா ஒருவரிடம் மூன்று மாதம் பேச்சு வாங்கினேன்.

இனாம் பதிவேட்டுக்கு வேறுவிதச் செலவு. கையெழுத்து, ஊருக்கு ஊர் மாறும் சொற்கள், வீட்டுப் பழைய ஓலையிலோ கணக்கிலோ வரும் மா, காணி, முந்திரி அளவுகள். படிக்கத் தெரிந்த ஒரு பழைய கர்ணம் வீட்டுப் பெரியவரோ ஆவணம் படித்த ஆய்வு மாணவரோ கிடைத்தால் அவருக்கு நேரத்துக்கேற்ற பணம் கொடுத்துவிடுங்கள். கிடைத்த தாளை நாமே தப்பாகப் படித்துவிட்டு ஓராண்டு தப்பான கிளையில் ஏறுவதைவிட அது மலிவு.

## உங்கள் நிலைக்கு எது

போரில் இறந்தவர் என்று குடும்ப நினைவு இருந்தால், வேறு யோசனையே வேண்டாம், போர்க் கல்லறைத் தளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், காசும் இல்லை.

பதக்கமோ டிஸ்சார்ஜ் புத்தகமோ கையில் இருந்தால் படைப் பக்கம். அதிலுள்ள எண்ணை எழுதிக்கொண்டு, ஆண்டைப் பார்த்து, சரியான ஆவண அலுவலகத்துக்கு உறவுச் சான்றோடு கடிதம் போடுங்கள்.

'மானியம்', 'சுரோத்திரியம்', 'டி.டி. நெம்பர்' என்ற சொற்கள் வீட்டில் இருந்தால், சுபேதார் கதை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் முதலில் எழும்பூர். கதையில் படை வருகிறது என்பதற்காகப் படைப் பதிவில் தொடங்காதீர்கள், நான் செய்ததுபோல.

பட்டா மட்டும் இருக்கிறது, கதை எதுவும் இல்லை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பாகப்பிரிவினைப் பத்திரம் தேடுவதே முதல் வேலை. செட்டில்மென்ட் பதிவேடு இரண்டாவது.

1895க்கு முன் சாதாரணச் சிப்பாய், நிலமும் இல்லை என்றால் இந்த மூன்று பதிவும் அநேகமாகக் கைவிரிக்கும். கிறிஸ்தவக் குடும்பமானால் பட்டாளம் தங்கிய ஊர்களின் சர்ச்சுகளில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். மற்றவர்களுக்கு ஊர்க்கோயில் கல்வெட்டு, திருவிழா வரிக்கணக்கு, குலதெய்வக் கோயிலில் பங்கு பிரித்த தாள். 1914-19 போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று எழுதிய சலவைக்கல் பலகை ஊரில் பதித்திருந்தால் அதையும் பாருங்கள். அதில் எண்ணிக்கைதான் இருக்கும். ஆனாலும் எந்தத் தெருக்காரர்கள் போனார்கள் என்று அந்தப் பலகைக்கு எதிர்வீட்டுக் கிழவிக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டு பக்கமும் தாள் கிடைத்து, இரண்டும் முட்டிக்கொண்டால் ஒரு வேலை செய்யுங்கள். படைத் தாளிலுள்ள ஆளின் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டு, நிலத் தாளிலுள்ள ஆளின் வயதுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். என் விஷயத்தில் இடைவெளி 60 ஆண்டுக்கு மேல் வந்தது. அன்றுதான் ஒரே தாத்தாவைத் தேடுவதை நிறுத்திவிட்டு, அந்த விதவையின் பெயரை எங்கள் வம்சாவளித் தாளில் மேலே எழுதினேன்.